ஒப்புக்கா, நெசத்துக்கா?

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு எல்லாப் பிள்ளைகளும் எழுந்துவிட்டார்கள். ரெனிட்டா மட்டும் எழவில்லை.

லூர்துராஜுக்கு முதலில் அது ஒரு விஷயமாகவே படவில்லை. பிள்ளை அசந்துவிட்டாள், தூங்கட்டுமே என்றுதான் நினைத்தார். உப்பளச் சாலை எடைமேடையில் காலை ஆறு மணியிலிருந்து லாரிகளை ஏற்றி இறக்கிவிட்டு, வேர்வைச் சட்டையோடு மகளை அழைத்துப்போக வந்திருந்தார். வாசலில் ரெனியின் ரோஸ் நிறச் செருப்பு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதை நிமிர்த்தி வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்தார்.

தூத்துக்குடியில் 'கும்மாளம்' திறந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து என்னதான் செய்தார்கள் என்று கேட்டால் ஊரில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. போனை நோண்டினார்கள், வேறென்ன! இப்போது நாலரை மணிக்குக் கும்மாளத்துக்கு வந்து, வரிசையாக இருக்கும் தொட்டில் கட்டில்களில் படுத்து, பஞ்சுபோல ஒரு குல்லாவை மாட்டிக்கொள்கிறார்கள். மாட்டியதும் அத்தனை பிள்ளைகளும் ஒரே கனவுக்குள் போய்விடுவார்கள். அங்கே விளையாட்டுத்தான். விதை ஊன்றி, முளைத்து, காய்த்து, காயை எண்ணி விற்பார்கள். பட்டம் செய்து காற்றை அளப்பார்கள். தபால்தலை சேர்ப்பார்கள். வெளியே பத்து நிமிடம் என்றால் உள்ளே முழுசாக ஒரு நாள். ஒரு சாயங்காலத்தில் ஒரு வாரத்துப் படிப்பு, அதுவும் சிரித்துக்கொண்டே. எந்த அப்பன், எந்த அம்மா வேண்டாம் என்பார்கள்? வாசலுக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'இங்கே எந்தப் பிள்ளையும் தோற்பதில்லை.'

அது சுத்தப் பொய். ரெனி தினமும் தோற்றுக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் உள்ள வாங்க. பதறாம வாங்க" என்றாள் இசக்கி டீச்சர். பிள்ளைகளைக் கனவுக்குள் அனுப்பி, திரும்ப எழுப்பி, சுண்டல் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிற வேலை அவளுடையது. இருபத்தாறு வயதுதான் இருக்கும். பதறாம வாங்க என்று சொன்னவள்தான் அவருக்கு முன்னால் ஓட்டமாக உள்ளே போனாள்.

ரெனி கடைசித் தொட்டிலில் மல்லாந்து கிடந்தாள். நீலக் கவுன். ஒரு கால் மட்டும் போர்வைக்கு வெளியே. கண்ணிமைக்குள் விழிகள் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தன.

"என்னம்மா, தூங்குதாளா?"

"தூங்கலை அண்ணாச்சி. இன்னும் விளையாடிட்டு இருக்கா."

"எல்லாப் பிள்ளையும் போயிட்டே, யார்கூட விளையாடுதா?"

இசக்கி போர்வையை இழுத்து ரெனியின் காலை மூடினாள். பிறகு சொன்னாள்: "அவ ஆட்டம் முடியலை. முடியவும் முடியாது போலிருக்கு."

"குல்லாவைக் கழத்துங்க, அவ்வளவுதானே" என்று லூர்து கையை நீட்டினார். இசக்கி அந்தக் கையைப் பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, தொட்றாதீங்க! விளையாடி முடிச்சாத்தான் மனசு வெளிய வரும். வேற ஊர்ல ஒரு அம்மா பயந்துபோய்ப் பாதியில குல்லாவை உருவிட்டாங்க. பிள்ளை கண்ணு முழிச்சிட்டு. ஆனா ரெண்டு வருஷமாச்சு, இன்னும் ஒரு வார்த்தை பேசலை."

லூர்து கையை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

இசக்கி விளக்கினாள். இந்த வாரத்து ஆட்டம் பறவை ஒளிஞ்சுபிடிச்சு. உள்ளே பெரிய உப்பளம், நடுநடுவே மரங்கள், மரத்துக்கு ஒரு பறவை. பிள்ளைகள் மரத்தடியில் ஒளிந்துகொள்வார்கள். தேடுகிறவர் மேலே இருக்கும் பறவையின் பெயரையும் கீழே இருக்கும் பிள்ளையின் பெயரையும் சரியாகச் சொன்னால் அந்தப் பிள்ளை அவுட். அவுட் ஆன பிள்ளை உடனே எழுந்துவிடும். கடைசிவரை அகப்படாத பிள்ளை ஜெயித்துவிட்டு எழும்; அதோடு ஆட்டம் முடிந்து தேடினவரும் எழுந்துவிடுவார். ஒளிந்த பிள்ளை வெளியே வர இந்த இரண்டு வழிதான்.

"அப்ப இவ?"

"இவளை நான் ஒப்புக்குச் சப்பாணியா போட்டேன் அண்ணாச்சி."

அப்படிப் போடச் சொன்னதே லூர்துதான்.

மூன்று நாளாக ரெனிதான் முதலில் அவுட். முதல் ஆளாக எழுந்து, மற்ற பிள்ளைகள் தொட்டிலில் சிரித்துக்கொண்டு கிடக்க, இவள் மட்டும் முக்கால் மணி நேரம் பெஞ்சில் தனியாகக் காகிதக் கொக்கு மடித்துக்கொண்டிருந்தாள். நேற்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. இனிமேல் போகமாட்டேன் என்று ஒரே அழுகை. மகள் அழுதால் லூர்துக்கு உலகம் இருண்டுவிடும். இன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்து இசக்கியிடம் கெஞ்சினார்: "சின்னப் பிள்ளை டீச்சர். ரெண்டு நாளைக்கு ஒப்புக்குச் சப்பாணியா சேத்துக்கோங்களேன்."

ஊரில் எந்தத் தெருவில் எந்த ஆட்டம் நடந்தாலும் ஒரு ஒப்புக்குச் சப்பாணி இருக்கும். பெரிய பிள்ளைகளோடு ஆடியே தீருவேன் என்று அடம்பிடிக்கும் பொடிசு. ஓடலாம், ஒளியலாம், கத்தலாம். பிடித்தால் அவுட் கிடையாது. அது பிடித்தாலும் செல்லாது. ஆட்டத்தில் உண்டு, கணக்கில் இல்லை.

"குல்லா மாட்டும்போது அவ காதுல சொன்னேன். நீ இன்னைக்கு ஒப்புக்குச் சப்பாணி, உன்னைக் கண்டுபிடிச்சாலும் அவுட் கிடையாதுன்னு. அப்படிச் சிரிச்சா அண்ணாச்சி!" இசக்கி மூக்கை உறிஞ்சினாள். "நல்ல யோசனையா இருக்கேன்னு எங்க ஊழியர் குரூப்புல வேற போட்டேன். எல்லாரும் கைதட்டுனாங்க. அவுட்டும் ஆகாத, ஜெயிக்கவும் முடியாத பிள்ளை எப்படி வெளிய வருவான்னு எனக்கும் தோணலை, அவங்களுக்கும் தோணலை."

"அதை இப்ப மாத்துங்க. சப்பாணி இல்லைன்னு மெஷின்ல போடுங்க."

"மெஷின்ல இல்லையே! அவ மனசுல இருக்கு. அவ எதை நம்புதாளோ அதைத்தான் மெஷின் கேக்கும்."

தலைமை அலுவலகத்துக்கு இசக்கி ஏற்கெனவே பேசியிருந்தாள். நாளைக் காலை ஆள் வரும் என்றார்கள். நாளைக் காலை! குல்லா மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யாது, தானாக அணைந்துவிடும். அணைந்தால் பாதியில் உருவியது மாதிரிதான். ரெனி உள்ளே போனது நான்கு நாற்பதுக்கு.

"ஏழு நாப்பது" என்றார் லூர்து.

"ஆமா."

சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறாகப் பத்து நிமிடம் இருந்தது.

முக்கால் மணி நேரம் இருவரும் மாறி மாறித் தலைமை அலுவலகத்தோடு மன்றாடியும் பலனில்லை. "பேச்சியை அனுப்புங்க" என்று இசக்கி திடீரென்று சொன்னாள். "நாலாங்கிளாஸ் பேச்சி. இன்னைக்குத் தேடுனவ அவதான். அவ திரும்ப உள்ள போய்க் கூப்பிட்டா வழி இருக்கலாம்."

பேச்சியின் வீடு அடுத்த தெரு. லூர்து செருப்புப் போடாமலே ஓடினார். பேச்சியின் அம்மா செல்வக்கனி அடுப்படியில் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். மாவுக் கையோடு வந்து நின்று முழுவதையும் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் இறுகிக்கொண்டே போனது.

"உள்ள போன எம்பிள்ளையும் வராமப் போயிட்டா?"

"வந்திருவா தாயி. அவ கணக்குல உள்ள பிள்ளை. அவுட் ஆனா வந்திருவா."

"அந்த டீச்சரம்மா சொல்லுதாளா? உங்க பிள்ளைக்கும் அவதானே எல்லாம் சொன்னா?"

நாற்பத்திரண்டு வயது மனிதர், வாசப்படியில் மண்டியிட்டு அவள் காலைப் பிடிக்கக் குனிந்தார். செல்வக்கனி பதறிப் பின்னால் போனாள். அவள் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது.

"எந்திரிங்க அண்ணாச்சி, என்னைப் பாவத்துல தள்ளாதீங்க. உங்க பிள்ளைக்காக மாதாகிட்ட மெழுகுவத்தி ஏத்துதேன். எம்பிள்ளையை மட்டும் கேக்காதீங்க. கேட்டா நான் மாட்டேன்னுதான் சொல்லுவேன். நீங்கன்னாலும் அதைத்தானே சொல்லுவீங்க?"

ஆமாம், அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். அதனால் அவளைத் திட்டக்கூட அவரால் முடியவில்லை.

எழுந்து திரும்பும்போது கதவுக்குப் பின்னாலிருந்து பேச்சியின் குரல் வந்தது. "மாமா, சப்பாணியை நெசத்துக்கு எடுக்கலாம் மாமா. எங்க தெருவுல எடுப்போம். ஒப்புக்கா, நெசத்துக்கான்னு கேக்கணும். நெசத்துக்குன்னு அவளே சொல்லணும். சொல்லிட்டா அப்புறம் அவுட் உண்டு."

"யார் கேக்கணும்மா?"

"ஆட்டத்துல இருக்குற ஆளு கேக்கணும். வெளிய நின்னு கேட்டா செல்லாது."

தெருவில் வரும்போது போன் அடித்தது. மஸ்கட்டிலிருந்து மனைவி அமலி. தினமும் இந்த நேரத்தில் மருத்துவமனை வேலைக்கு நடுவே மகளோடு பேசக் கூப்பிடுவாள். லூர்து போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். மூன்றாவது தடவை எடுத்தார்.

"என்னங்க, எவ்வளவு நேரமா அடிக்கேன்! ரெனி எங்க?"

"விளையாடிட்டு இருக்கா."

"இன்னுமா? சரி, முடிஞ்சதும் பேசச் சொல்லுங்க. இன்னைக்கும் அவுட்டாயி அழுதான்னா திட்டாதீங்க, என்ன?"

"திட்டலை" என்றார். குரல் உடைவதற்குள் போனை அணைத்துவிட்டார். இப்போது சொல்லி அவளையும் அங்கே தனியாகத் துடிக்கவிட வேண்டுமா? ஏழு நாற்பதுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். அப்போது என்ன சொல்லப் போகிறோம் என்பதை அவரால் நினைக்கவே முடியவில்லை.

"என்னை அனுப்புங்க" என்றார் உள்ளே வந்ததும்.

இசக்கி தலையில் கைவைத்தாள். "பெரியவங்களை இந்த ஆட்டம் கணக்குல எடுக்காது அண்ணாச்சி. நீங்களும் சப்பாணியாத்தான் உள்ள போகமுடியும். அதுவும் நிக்கமாட்டீங்க. நானும் போய்ப் பாத்திருக்கேன். இது சும்மான்னு ஒரு நிமிஷம் நினைச்சாப் போதும், வெளிய தூக்கிப் போட்டுரும்."

"நினைக்காம இருந்தா?"

"இருந்தா உள்ளயே இருப்பீங்க. அவளை மாதிரி." அதைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "யோசிச்சிக்கோங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? குழந்தைத் தொட்டிலில் கால் கொள்ளவில்லை. முட்டியை மடக்கிக்கொண்டு படுத்தார். குல்லா பாதித் தலைக்குத்தான் வந்தது.

வெள்ளையாக ஒரு நிலம் விரிந்தது. பாத்தி பாத்தியாக உப்பு. வெளிச்சம் இருந்தது, சூரியன் இல்லை. "ரெனி!" என்று கத்தினார். என்ன எழவு இது, மணி என்ன ஆயிருக்கும் என்று நினைத்தார். அடுத்த நொடி யாரோ பிடரியில் அடித்ததுபோலத் தொட்டிலில் வந்து விழுந்தார்.

"மணியை நினைச்சீங்களா?" என்றாள் இசக்கி.

"ஆமா."

"இனி ஒரு தடவைதான் அண்ணாச்சி. அதுக்குமேல உங்க வயசுக்குத் தலை தாங்காது." ஏழு பதினைந்து ஆகியிருந்தது. அவள் குல்லாவைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "காப்பாத்தப் போறேன்னு போகாதீங்க. விளையாடப் போங்க. தேடுறவன் முதல்ல என்ன செய்வான்? அதைச் செய்யுங்க."

இந்தத் தடவை அவர் கத்தவில்லை. பக்கத்து மரத்தில் முகத்தைப் புதைத்துக் கண்ணை மூடிக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு. வீட்டில் விளையாடும்போது ஒண்ணு, ரெண்டு, பத்து, இருபது என்று தாவிவிடுவார், போனில் ஒரு கண் இருக்கும். இப்போது ஒன்றைக்கூட விடவில்லை. ஐம்பதைத் தாண்டியபோது மரப்பட்டை நெற்றியில் குத்தியது, காலடியில் உப்பு நொறுங்கியது, எங்கோ ஒரு பறவை கத்தியது. நூறு என்று முடித்துக் கண்ணைத் திறந்தார். நிலம் அப்படியே இருந்தது.

வெகுதூரம் நடந்தார். ஒரு பாத்தி ஓரத்தில் சிப்பிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. ஐந்து ஐந்தாக மூன்று வரிசை. பார்த்ததும் புரிந்துவிட்டது. உள்ளே பதினைந்து நாள் ஆகிவிட்டது! ஏழு வயசுப் பிள்ளை, அதில் பத்து நாள் தன்னந்தனியாக, உட்கார்ந்து நாளை எண்ணியிருக்கிறாள். லூர்து அந்தச் சிப்பிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

"மூவஞ்சு பதினஞ்சு" என்று ஒரு குரல் கேட்டது. "கலைச்சிராதீங்க."

ரெனி ஒரு மரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் எழுந்து ஓடி அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டார். அவள் மேலிருந்து உப்பு வாசம் வந்தது. அவள் கையை அவர் கழுத்தில் போடவில்லை.

"வா மக்கா, வீட்டுக்குப் போவோம். கண்டுபிடிச்சிட்டேன். அவுட்டு, அவுட்டு!"

ஒன்றும் நடக்கவில்லை.

"செல்லாதுப்பா" என்றாள் ரெனி அலுப்பாக. "நான் சப்பாணி. பேச்சி அக்கா என்னை ரெண்டு தடவை கண்டுபிடிச்சா. போ, இன்னொரு எடத்துல ஒளின்னு சொல்லிட்டா. அப்புறம் ஒருத்தரும் வரலை. நான் நல்லா ஒளிஞ்சுட்டேன்னு முதல்ல சந்தோசமா இருந்துச்சு. அப்புறம் எல்லாரும் என்னை மறந்துட்டாங்கன்னு அழுதேன். வழி தேடிப் பாத்தேன். இல்லை."

"ரெனி, ஒண்ணு கேக்கேன். நீ ஒப்புக்கா, நெசத்துக்கா?"

அவள் அவர் கையிலிருந்து வழுக்கி இறங்கினாள். தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தாள்.

"நீங்க?"

"நானா?"

"நீங்களும் சப்பாணியாத்தானே வந்திருக்கீங்க? சப்பாணி கேட்டா, ரெண்டு பேரும் சொன்னாத்தான் செல்லும்."

"நான் உன்கூட விளையாடத்தாம்மா வந்திருக்கேன்."

"நீங்க எப்பவும் ஒப்புக்குத்தான் விளையாடுவீங்கப்பா." அவள் கோபமாகச் சொல்லவில்லை. வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "கட்டிலுக்கடியில ஒளிஞ்சா எங்கால் வெளிய தெரியும். எனக்குத் தெரியும். நீங்களும் பாப்பீங்க. பாத்துட்டு, காணோமே காணோமேம்பீங்க. அப்புறம் போன் பாப்பீங்க. நான் எவ்வளவு நேரம் அங்கனயே கிடப்பேன் தெரியுமா?"

மகள் சந்தோஷப்படட்டும் என்றுதானே செய்தார்! அவள் ஜெயிக்கட்டும் என்றுதானே! அந்த நேரத்தில் மணியைப் பற்றிய நினைப்புகூட அவருக்கு வரவில்லை.

"அப்ப கேளு" என்றார். "என்னைக் கேளு."

"ஒப்புக்கா, நெசத்துக்கா?"

"நெசத்துக்கு."

"ஏமாத்தக் கூடாது. தெரிஞ்சா தெரிஞ்சுட்டுன்னு சொல்லணும்."

"சொல்லுதேன். இப்ப நீ சொல்லு. ஒப்புக்கா, நெசத்துக்கா?"

ரெனி உதட்டைக் கடித்தாள். "நெசத்துக்குன்னா அவுட் ஆயிருவேன்லா."

"ஆகலாம்."

"முதல் ஆளா ஆயிருவேன்."

"ஆளே ரெண்டு பேருதானே மக்கா."

அதற்கு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நெசத்துக்கு" என்றாள். பிறகு விரலை ஆட்டி மிரட்டினாள்: "பறவை பேரையும் சரியாச் சொல்லணும். தப்பாச் சொன்னா நான் மறுபடி ஒளிஞ்சுக்குவேன். நூறு எண்ணுங்க. தாவாம எண்ணுங்க!"

தாவாமல் எண்ணினார். பின் தேடினார். அம்மாடி, என்னமாய் ஒளிந்திருந்தாள்! பதினைந்து நாளில் அந்த உப்பளத்தின் ஒவ்வொரு வரப்பும் அவளுக்கு அத்துப்படியாகியிருந்தது. ஒரு மரத்தில் நீர்க்காகம், ஒன்றில் கூழைக்கடா, கீழே யாரும் இல்லை. காலடித் தடத்தைப் பின்தொடர்ந்து போனால் அது சுற்றி வந்து ஆரம்பித்த இடத்திலேயே விட்டது. கெட்டிக்காரி! அவளை அப்படி ஒருநாளும் அவர் நினைத்ததில்லை, பாவம் சின்னப் பிள்ளை என்றுதான் நினைத்திருந்தார்.

கடைசியில் ஒரு மரத்தடியில் நீலக் கவுனின் ஓரம் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது.

'காணோமே' என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஏழு வருடப் பழக்கம் லேசில் போகுமா? பல்லைக் கடித்துக்கொண்டு மேலே பார்த்தார். வெள்ளையாக, பெரிதாக ஒரு பறவை. எடைமேடையிலிருந்து தினமும் பார்க்கிற பறவைதான். அவருக்கு வெள்ளையாக இருப்பதெல்லாம் கொக்கு. கொக்கு என்று சொல்ல வாயெடுத்தவர் நின்றார். போன வாரம் பைக்கில் வரும்போது பின்னாலிருந்து ரெனி முதுகைத் தட்டி என்னவோ சொன்னாளே! "அப்பா, அது கொக்கு இல்லை. மூக்கைப் பாருங்க..." அவர் லாரிக்கு வழிவிட்டுக்கொண்டு ம்ம், ம்ம் என்றார். மூக்கைப் பாருங்க, அப்புறம்? அப்புறம் என்ன சொன்னாள்? பறவை தலையைத் திருப்பியது. அதன் அலகு நுனியில் தட்டையாக, குழம்புக் கரண்டிபோல விரிந்திருந்தது.

"கரண்டிவாயன்!" என்று கத்தினார். "கரண்டிவாயன் மரத்தடியில ரெனிட்டா! கண்டுபிடிச்சிட்டேன், அவுட்டு!"

அவள் எழுந்து நின்றாள். நம்ப முடியாமல் அவரைப் பார்த்தாள். கீழுதடு பிதுங்கி நடுங்க ஆரம்பித்தது.

"நெசமாவா?"

"நெசமா. அவுட்டு மக்கா." அதைச் சொல்ல அவருக்கு நெஞ்சே வெடித்துவிடும்போல இருந்தது.

அவள் நின்ற இடத்தில் அவள் இல்லை.

லூர்து கண் விழித்தபோது தலை பாறையாகக் கனத்தது. மணி ஏழு முப்பத்தொன்று. ஆட்டத்தில் மிஞ்சிய ஒரே ஆள் அவர்தான், அதனால் ஜெயித்து வெளியே வந்திருந்தார். இசக்கி தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ரெனி தன் தொட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். குல்லா பக்கத்தில் கிடந்தது.

"எந்திரிச்சிட்டா அண்ணாச்சி" என்றாள் இசக்கி. "ஆனா என்ன கேட்டாலும் பேச மாட்டேங்கா. தண்ணி வேணுமான்னு கேக்கேன், அம்மாவான்னு கேக்கேன், வாயைத் திறக்க மாட்டேங்கா."

லூர்து தொட்டிலிலிருந்து விழுந்து எழுந்து அவள் முன்னால் போய் உட்கார்ந்தார். "ரெனி. எம்மா. அப்பான்னு ஒரு தடவை சொல்லு தாயி." அவள் பேசவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. தப்பு நடந்துவிட்டது, நேரம் கடந்துவிட்டது, பிள்ளையின் பேச்சு போய்விட்டது என்று அவருக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அவள் கையைப் பிடித்தார்.

அவள் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள். சுண்டுவிரலை மட்டும் அவர் மூக்குக்கு நேராக நீட்டிக் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காய்! அவரோடு காய் விட்டிருக்கிறாள்!

லூர்து அழுதாரா சிரித்தாரா என்று அவருக்கே தெரியவில்லை. போன் அடித்தது. அமலி. அவர் எடுக்குமுன் ரெனி பிடுங்கிக்கொண்டாள். "அம்மா" என்றாள், உடனே அழுகை பீறிட்டது. "அப்பா என்னை அவுட்டாக்கிட்டாங்கம்மா. நெசமாவே. நான் நல்லாத்தான் ஒளிஞ்சேன். ஆனா அப்பா பறவை பேரைச் சரியாச் சொல்லிட்டாங்க." அழுகைக்கு நடுவே அவள் குரலில் லேசாகப் பெருமையும் இருந்தது. கடைசித் தொட்டிலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து மிச்சத்தைச் சொல்ல ஆரம்பித்தாள்.

அதே நேரத்தில் இசக்கியின் போனும் அடித்தது. கேட்டுக்கொண்டே இருந்தவள் முகம் வெளிறிப்போனது. போனைக் கையால் பொத்திக்கொண்டு லூர்துவைப் பார்த்தாள்.

"கோவில்பட்டிக் கிளை. அங்க ஆட்டம் அஞ்சரைக்கு ஆரம்பிச்சது. ஒரு பையன் எந்திரிக்க மாட்டேங்கானாம்." போனை அவரிடம் நீட்டினாள். "நான் குரூப்புல போட்டதைப் பாத்து அவங்களும் சப்பாணியா போட்டிருக்காங்க. அவன் அப்பா பக்கத்துல நின்னு கத்துதாரு."

லூர்து போனை வாங்கினார். மறுமுனையில் ஒரு ஆண் குரல் யார் யாரையோ திட்டிக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தது.

"தம்பி, இங்க கேளுங்க" என்றார் லூர்து. "உங்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. முதல்ல ஒண்ணு சொல்லுங்க. வீட்ல பையன் ஒளிஞ்சு விளையாடுவானா?"

"விளையாடுவான்."

"கட்டிலுக்கடியில ஒளியுதான். கால் வெளிய தெரியுது. நீங்க என்ன சொல்லுவீங்க?"

"காணோம்னு சொல்லுவேன் அண்ணாச்சி" என்றது குரல்.